இடது ஓரத்து ஒட்டு

டீத் தம்ளரை நீட்டும்போதே அந்த அக்கா சொல்லிவிடுவார்: "சக்கரை சித்தெ எச்சாப் போயிருச்சுங்க தம்பி. பேசிக்கிட்டே போட்டேன், என் தப்புதான்." நான் தம்ளரை இன்னும் வாயருகே கொண்டுபோயிருக்க மாட்டேன். குடித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இனிப்புத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன, ஓசி டீக்கு யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் தன் தப்பை அடுத்தவர் கண்டுபிடிக்கும்வரை மடியில் கட்டிக்கொண்டு இருக்க அவருக்குத் தெரியாது. பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும்.

குமாரபாளையத்தில் தறிகளுக்கு அட்டை அடிப்பது அவர் தொழில். சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதைச் சொல்வது ஓட்டை போட்ட அட்டை. கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்து, வரிவரியாக அட்டையில் ஓட்டை அடித்துத் தருவார். அடுத்த தெருவிலேயே கம்ப்யூட்டரில் அடிக்கிற கடை இருந்தது. அங்கே அடித்த அட்டையில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இவரிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெயிலுக்கு நேரே அட்டையைத் தூக்கிப் பிடித்து, இடமிருந்து வலம் ஒரு தடவை பார்ப்பார். "நாலாவது வரியில ஒண்ணு உட்டுப்போச்சு" என்பார். உட்டுப்போயிருக்கும்.

எனக்கு அவரிடம் என்ன வேலை என்றால், என்னுடையது கொஞ்சம் விசித்திரமான பிழைப்பு. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டிகளுக்குக் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒருமுறை ஏற்காட்டுப் பங்களா ஒன்றிலிருந்து ஒரு மேனேஜர் வந்து, "காத்துல ஓடுற சாமான் ஒண்ணு இருக்கு, பாக்க முடியுமா" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பியானோ. அதுவும் தானே வாசிக்கும் பியானோ. கீழே இரண்டு மிதி. மிதித்தால் உள்ளே துருத்தி காற்றை உறிஞ்சும். நடுவில் ஒரு பித்தளைப் பட்டை, அதன்மேல் ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓடும். காகிதத்தில் ஓட்டை வருகிற இடத்தில் காற்று உள்ளே நுழையும், அந்தக் கட்டை தானாக அமுங்கிச் சத்தம் வரும். கை வைக்க ஆளே வேண்டாம். பாட்டு முழுக்க அந்த ஓட்டைகளில் இருக்கிறது.

போர்வெல் வண்டியில் காற்று ஊதும், இதில் காற்று உறிஞ்சும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று இறங்கிவிட்டேன். ஆறு மாதத்தில் அந்தப் பியானோ பாடியது. அதற்குப் பிறகு மலைப் பங்களாக்களிலிருந்தும் கான்வென்டுகளிலிருந்தும் சாவி கொடுத்தால் பாடும் பெட்டிகள், கிராமபோன்கள், மிதி ஆர்மோனியங்கள் என்று ஒவ்வொன்றாக மலை இறங்கி வந்தன. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஷெட் பிடித்தேன். துருத்திக்குத் தோல் ஒட்டுவேன், ரப்பர்க் குழாய் மாற்றுவேன். ஆனால் கிழிந்த காகிதச் சுருளுக்கு என்ன செய்வது? ஓட்டை போடத் தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில் குமாரபாளையம் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் சுருளை மேஜைமேல் விரித்ததும் அக்கா கேட்டது, "இது எந்த ஊருச் சேலைங்க தம்பி? கரையே இல்லாமப் போகுதே."

"சேலை இல்லீங்கக்கா, பாட்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். "பூவு திரும்பவே காணமுங்களே" என்றார். சேலையில் ஒரு பூ முடிந்தால் அதே பூ மறுபடி தொடங்கும். இதில் கடைசிவரை வந்த ஓட்டை மாதிரி இன்னொன்று வரவில்லை. "அப்பன்னா ஒண்ணு உட்டாலும் மறுக்கா வராதுங்க. பாத்து அடிக்கோணும்" என்று சொல்லி ஒப்புக்கொண்டார். அவருடைய மெஷினில் காகிதத்தின் ஓட்டை அளவு ஒத்துவரவில்லை. லேத்தில் கொடுத்து ஒரு எஃகுத் தகடு செய்துகொண்டு, பழைய சுருளைப் புதுக் காகிதத்தின்மேல் வைத்து, ஓட்டை போடும் கையுளியும் மரச் சுத்தியலும் வைத்து ஒவ்வொன்றாக அடித்தார். ஐந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒன்பது சுருள் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அவருடைய இந்தக் குணத்தைப் பற்றி ஊரில் ஒரு கல்யாணக் கதை சொல்வார்கள். நானே அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டது. பாலம் தாண்டிப் பவானியில் ஒரு கல்யாணம். மொய் வைக்க மேடை ஏறின வரிசையில் அக்கா நிற்கிறார். கிட்டே போனதும் பெண் கட்டியிருந்த சேலைக் கரையில் கண் போய்விட்டது. அவர் அட்டை அடித்த மயில். அத்தனை மயிலுக்கும் ஒரு கால்தான் இருக்கிறது. போட்டோக்காரர் "இங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் பெண்ணின் அம்மா காதருகே போய், "ஏனுங்க, மயிலுக்கு ஒரு காலு உட்டுப்போச்சுங்க. அட்டை நாந்தான் அடிச்சேன். என் தப்புங்க" என்று சொல்லிவிட்டார். அதுவரை ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் குனிந்து குனிந்து கரையைப் பார்த்தார்கள். அந்த அம்மா இன்றுவரை அக்காவோடு பேசுவதில்லை.

"ஏனக்கா, கல்யாணத்தன்னிக்கு அதைச் சொல்லியே ஆகணுமா? ஒருத்தருக்கும் தெரியாதே" என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இது நல்ல குணமா, அடுத்தவர் நிம்மதியைப் பற்றிக் கவலைப்படாத குணமா? அதை அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் தறிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாராம். அதே அட்டை ஏற்றின தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "அட்டையில இருக்கறப்பவே சொல்லிட்டா ஒரு அட்டையோட போச்சுங்க. தறி ஓட ஆரம்பிச்சுட்டா அது பாட்டுக்கு நெய்துக்கிட்டே போகுமுங்க தம்பி. நாம பேசாம இருக்கற ஒவ்வொரு நாளும் ஒரு சேலை" என்றார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொன்னது தேவையா என்று மறுபடி கேட்டேன். "அதும் தப்புதானோ என்னமோ" என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

இனி அஸ்தம்பட்டிக் கதைக்கு வர வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு பழைய இரும்புக்கடைக் குடும்பம். பெரியவரை எல்லோரும் பெரிய பாய் என்பார்கள், அவர் மகன் சின்ன பாய். பெரிய பாயின் அத்தா, அதாவது அப்பா, ஒரு பங்களாவின் இரும்புச் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது கூடவே ஒரு தானியங்கிப் பியானோவும் வந்திருக்கிறது. உடைத்து எடைக்குப் போட மனசு வராமல் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். அதோடு வந்தது ஒரே ஒரு சுருள். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது, மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பெரிய பாயின் மனைவி மதியம் சமையல் வேலை முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து மிதிப்பாராம். முப்பது வருடம் அந்த வீட்டில் மதியம் என்றால் அந்தப் பாட்டு. அந்த அம்மா இறந்த பிறகு யாரும் மிதிக்கவில்லை. துருத்தியை எலி கடித்தது, காகிதம் கிழிந்தது.

பெரிய பாய் என்னைத் தேடிவந்தபோது அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. "டாக்டர் ரெண்டு காதும் நிக்காதுன்னுட்டாரு தம்பி. எத்தனை நாளுன்னு அவருக்கும் சொல்லத் தெரியல. மெஷின் வெச்சா இரைச்சல்தான் கேக்குது" என்றார். "காது போறதுக்குள்ள ஒரு தடவை அதைக் கேட்டுரணும். பண்ணித் தாங்க."

பண்ணித் தருகிறேன் என்றேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பேர் வந்திருந்தது. பெங்களூரிலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள். தலைக்கனம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில்தான் இருந்தது. சுருளை அக்காவிடம் கொடுக்குமுன் கிழிந்த இடங்களுக்கெல்லாம் பின்புறம் மெல்லிய தாள் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். இடது ஓரத்தில் ஒரு இடம் பூச்சி அரித்துக் கந்தலாக இருந்தது. அதன் நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளாக மூன்று வரிசை. அதுவும் பூச்சி வேலைதான் என்று நினைத்து மொத்தமாக ஒட்டி மூடினேன். இடது ஓரம் என்றால் பியானோவில் கீழ்ச் சத்தங்கள் இருக்கும் இடம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். நான் ஒரு ஆர்மோனியத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன்.

"ஏனுங்க தம்பி, இடது ஓரத்துல ஒட்டுப் போட்டிருக்கறீங்களே, அதுக்கடியில ஓட்டை இருக்குதுங்களா? வெளிச்சத்துல வெச்சா என்னமோ தெரியற மாதரி இருக்குது. எடுத்துப் பாக்கட்டுங்களா?"

"பூச்சி அரிச்சதுக்கா. நான் பாத்துத்தான் ஒட்டினேன். உட்டுருங்க" என்றேன்.

"பாத்தீங்கள்ல?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

"பாத்தேனுங்கக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புதுச் சுருளோடு அஸ்தம்பட்டிக்கு நாங்கள் இருவரும் போனோம். தான் அடித்த சுருள் பாடுவதை அக்கா அதுவரை கேட்டதே இல்லை, அதனால் ஆசையாகக் கிளம்பி வந்தார். நான் மிதித்தேன். பெரிய பாய் நாற்காலியைப் பியானோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது காதை அதன் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பாட்டு நன்றாகத்தான் வந்தது. பாதியில் அவர் முகம் மாறியது. முடிந்ததும், "நடுவுல ஒரு எடத்துல கீழ்ச் சத்தம் ஒண்ணு மூணு தடவை எறங்கி வரும் தம்பி. அவ அந்த எடத்துல மட்டும் மெதுவா மிதிப்பா. அதைக் காணோமே" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் அவர் எழுந்து நின்றார்.

"என் தப்புங்க. ஒரு எடத்துல ஒட்டு இருந்துச்சு. சந்தேகம் வந்துச்சு. ஒட்டை எடுத்து என் கண்ணுல பாக்காம அடிச்சுட்டேனுங்க."

சின்ன பாய்க்குக் கோபம். "அத்தாவுக்கு எத்தனை நாள் கேக்கும்னு தெரியாம நாங்க தவிச்சுக்கிட்டிருக்கோம். கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்த நேரத்தில் நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "நான் பாத்துக்கறேன் பாய்" என்றேன். ஏதோ அக்காவின் தப்பை நான் பெரிய மனது வைத்துச் சரிசெய்வதுபோல.

புதுச் சுருளைக் கழற்றிக்கொண்டு திரும்பும் வழியில் என் ஷெட்டில் நிறுத்திப் பழைய சுருளை எடுத்தோம். ஈரத் துணி வைத்து ஒட்டை உரித்தார் அக்கா. விரல் நுனியால் அந்த மூன்று வரிசையையும் தடவினார். "பூச்சி அரிச்சா ஓரம் பிசிறா இருக்குமுங்க. இது வெட்டின ஓரம்" என்றார். அவ்வளவுதான். அவரை வீட்டில் விட வேனில் சங்ககிரிவரை வந்தோம். பிறகு தாங்க முடியாமல், "ஏனக்கா அப்படிச் சொன்னீங்க? நான் சொன்னதைத்தானே நீங்க செஞ்சீங்க" என்றேன்.

"அடிச்சது என் கையிங்க. என்ற பங்கை நான் சொன்னேன்" என்றார். மடியிலிருந்த சுருளை இறுக்கிச் சுற்றிக்கொண்டே, "உங்க பங்கை நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாளே புதுச் சுருளில் அந்த மூன்று வரிசையும் அடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார். நான்தான் இழுத்தடித்தேன். துருத்தியில் காற்று கசிகிறது என்றேன், தோல் வரவில்லை என்றேன். உண்மையில் அந்தக் கூடத்தில் போய் நிற்கக் கால் வரவில்லை. போனால் சொல்ல வேண்டும். அக்கா இரண்டு முறை போன் செய்தார். "கொண்டுபோய்ப் போட்டாச்சுங்களா தம்பி? அவருக்குக் காது..." என்று இழுப்பார். "இந்த வாரம் போறேனுங்கக்கா" என்பேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில் அவரே பஸ் ஏறி என் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் கிளம்பினேன்.

அன்று பெரிய பாய் அதே நாற்காலியில், அதேபோலக் காதைச் சாய்த்து உட்கார்ந்தார். மிதித்தேன். பாட்டு தொடங்கி ஓடுகிறது, அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறார். நடுவில் அந்த இடம் வந்தது. கீழ்ச் சத்தம் மூன்று தடவை இறங்கியது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

முடிந்ததும் அக்காவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "நீங்க போட்ட மூணும் கேட்டுச்சும்மா. மத்தது எதுவும் கேக்கல. பத்து நாளாச்சு, மேல் சத்தமெல்லாம் போயிருச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். வழக்கம்போல "என் தப்புங்க" என்று தொடங்குவார், தாமதத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று காத்திருந்தேன். வெட்கக்கேடு, அதுதான் உண்மை. அவர் சொல்லவில்லை. அது அவருடையது இல்லை. தன்னுடையது அல்லாத தப்பை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டவர் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குனிந்து, எண்ணெய் தேவைப்படாத மிதிக்கு எண்ணெய் போட்டேன்.

அதற்குப் பிறகு அக்காவிடம் நான் சுருள் கொடுக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள், சீக்கிரம் கிடைக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அங்கே யாரும் போன் செய்து "பாத்தீங்கள்ல?" என்று கேட்பதில்லை, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அக்கா என்னைக் குறைசொன்னதாக ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பொங்கலுக்கு மட்டும் போன் வரும். "நல்லா இருக்கறீங்களா தம்பி? ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்களா?" என்பார். நானும் நன்றாக இருப்பதாகச் சொல்வேன்.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். அட்டை அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறார், அவ்வளவுதான். பதினைந்து நாள் கழித்து ஒரு தறிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனேன். அவர் மகள் டீ கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

சென்ற மாதம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வேலை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பெரிய பாய் வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது அவருக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டுகிறார்கள், அவர் வாயால் பதில் சொல்கிறார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக நோட்டையும் பேனாவையும் நீட்டினார். முந்தின பக்கத்தில் "சாப்பாடு ரெடி", "மாத்திரை போட்டாச்சா" என்றெல்லாம் இருந்தது. அதற்குக் கீழே எழுதினேன்: "அந்த ஒட்டை ஒட்டியது நான். அந்த அக்கா என்னைக் கேட்டார்கள். சரியாகப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன். மூன்று வாரம் தாமதித்ததும் நான்தான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். காது கேட்காதவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், "இதை அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்புறம் எங்கிட்ட எதுக்குத் தம்பி வந்தீங்க? குமாரபாளையம் என்ன அவ்வளவு தூரமா? மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க" என்று நோட்டை மூடி ஓரமாக வைத்தார்.

அக்கா இல்லை என்பதைச் சொல்ல அந்த நோட்டை மறுபடி கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. "சரிங்க பாய்" என்று அவருக்குக் கேட்காத குரலில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.